நிலவறைத் தக்கை

என் மேசைமேல் ஒரு மரத்தக்கை கிடக்கிறது. புன்னைக் கட்டையில் செதுக்கியது. ஒரு சாண் நீளம்; தலைப்பக்கம் என் மணிக்கட்டுப் பருமன், மறுபக்கம் பெருவிரல் பருமன். இடுப்பில் தேங்காய்நார்த் தும்பு வரிந்து சுற்றியிருக்கிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் முகர்ந்தால் குங்கிலிய வாசம் லேசாக வரும். தலையில் மட்டும் வெள்ளையாய்ச் சுண்ணாம்புப் பொருக்கு. பேரப்பிள்ளைகள் இதைப் பம்பரமாக்கித் தரச்சொல்லிக் கேட்டு அலுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள், காகிதம் பறக்காமலிருக்க இந்தக் கட்டைதானா கிடைத்தது என்று சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். அந்தச் சுண்ணாம்பைப் பூசியவள் நான். அதைச் சொல்ல இவ்வளவு காலம் எனக்கு வாய் வரவில்லை. இப்போது களைத்துப்போய்விட்டேன். மறைத்து வைத்துக்கொண்டிருக்கவும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முந்திய காலம் அது. பாளையங்கோட்டையில் மிஷன் பெண்கள் பள்ளியில் படித்து, அங்கேயே சின்ன வகுப்புகளுக்குக் கொஞ்ச காலம் பாடம் சொல்லிவிட்டு, வண்ணாரப்பேட்டையில் ஒரு கருப்பட்டி வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டேன். ஆற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. என் மாமனாருக்குத் திருடர் பயம் அதிகம். தென்புற அறைக்கு அடியில் ஆள் உயரத்துக்கு ஒரு நிலவறை தோண்டிக் கட்டியிருந்தார், விதைநெல்லும் பித்தளைப் பாத்திரமும் வைக்க. திருடன் ஒருநாளும் வரவில்லை. தண்ணீர்தான் வருடம் தவறாமல் வந்தது. ஐப்பசி பிறந்தால் சுவரின் அடியில் ஈரம் ஊறும். கார்த்திகையில் கணுக்கால் அளவு நிற்கும். ஒரு வருடம் விதைநெல் உள்ளேயே முளைவிட்டு, எட்டிப் பார்த்த மாமியார் நாற்றங்கால் போட்டிருக்கிறதா என்று கேட்டாராம். மூன்று கொத்தனார்கள் மாறி மாறிப் பூசிவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்குப் பூச்சு அப்பளமாய்ப் பெயர்ந்து விழுந்தது.

தூத்துக்குடிக்குச் சரக்கு ஏற்றப் போன இடத்தில்தான் என் கணவர் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டார். புன்னக்காயல்காரர். தோணிப் பலகைகளின் இடுக்கில் நார்த் தும்பை எண்ணெயில் தோய்த்து உளியால் அடித்து ஏற்றி, கடல்நீர் புகாமல் அடைப்பது அவர் தொழில். அங்கே அதைக் கலப்பத்து என்பார்கள். எங்கள் வீட்டில் அவருக்குக் கலப்பத்துக்காரர் என்பதே பெயராகிவிட்டது. நான் மட்டும் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ஐம்பது தாண்டிய ஆள். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை, இடுப்பில் மடித்துச் செருகிய சாக்குத்துணிக்குள் நாலைந்து உளிகள். முழங்கால் இரண்டும் தேய்ந்து, உட்கார்ந்து எழுந்தால் ஒரு முனகல் வரும். "தோணிக்கு அடியில மல்லாக்கப் படுத்து அடிக்க இனி ஒடம்பு கேக்கல அம்மா," என்றார். "சுவருன்னா நின்னுக்கிட்டே செஞ்சிரலாம். இந்த ஒரு மழைக்கு ஒங்க அறை நின்னுட்டா, இதே தெருவுல நாலு வீட்டுல வேலை தாறம்னு சொல்லியிருக்காவ. வீட்டுக்காரியையும் மவளையும் இங்கனயே கூட்டியாந்திருவேன்." அந்த நாலு வீட்டுப் பெயரையும் விரல்விட்டுச் சொன்னார். அவருடைய மிச்ச நாள் முழுவதும் எங்கள் நிலவறைத் தரையில் இருந்தது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

சித்திரையில் தொடங்கிய வேலை ஆடிவரை நடந்தது. மற்றவர்கள் ஈரத்தின்மேல் பூசினார்கள். அவர் முதலில் பழைய பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்தார். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலிருந்த இடுக்குகளை உளியால் தோண்டினார். குங்கிலியத்தைப் புன்னை எண்ணெயில் காய்ச்சி, அதில் தும்பை முக்கி, ஒவ்வொரு இடுக்கிலும் அடித்து ஏற்றினார். வீடு முழுக்க அந்த டக்டக் சத்தம் காலையிலிருந்து மாலைவரை கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்குமேல் சிப்பிச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கடுக்காய் நீரும் எங்கள் கடைக் கருப்பட்டியின் பாகும் கலந்து, அம்மியில் அரைத்து வெண்ணெய்போலப் பூசினார். பூசியதைக் காயவிடாமல் ஈரச்சாக்கு போட்டு மூடி நாள்கணக்கில் காத்திருந்தார். "வெரசாக் காஞ்சா வெடிச்சிரும். பையக் காயட்டும்," என்பார். கடைசியில் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினார். விளக்கைக் கொண்டுபோனால் தரையில் இன்னொரு விளக்கு தெரியும்.

அவ்வளவையும் செய்துவிட்டுத்தான் அந்த மனிதர் தரையின் ஈசான மூலையில் ஒரு ஓட்டை போட்டார். சுட்ட மண்குழாய் ஒன்றைத் தரைக்கு அடியிலுள்ள மணல்வரை இறக்கி, அதன் வாயில் இந்தத் தக்கையை அடித்து இறுக்கினார். பிறகு எங்களைப் பின்வாசல் கிணற்றுக்கு அழைத்துப்போய், உள்சுவரில் உளியால் ஒரு கோடு கீறிக் காட்டினார். என் கணவருக்குப் பொறுக்கவில்லை. "ஏன் வே, தண்ணி வராம அடைக்கத்தான உம்மக் கூப்பிட்டேன்? நீரே ஓட்ட போட்டு வச்சா என்ன அர்த்தம்?" என்றார். கலப்பத்துக்காரர் கோபப்படவில்லை. "ஓட்ட இல்லாத தோணி எங்க ஊர்ல கெடையாது மொதலாளி. கரையில ஏத்துனா உள்ள கெடக்குற தண்ணி வடியணும்லா?" என்று தொடங்கி, என் பக்கம் திரும்பிப் பொறுமையாகச் சொன்னார். "தோணின்னா தண்ணி ஏற ஏற மெதந்துரும். இது மெதக்காது. அப்பம் ஏறுற தண்ணி எங்கன போவும்? தரைக்கு அடியில நின்னு தரைய மேல முட்டும். கிணத்துல இந்தக் கோட்டத் தண்ணி தொட்டுட்டுன்னா, தக்கையப் பிடுங்கிருங்க அம்மா. அறை நெறையட்டும். உள்ளயும் தண்ணி வெளியயும் தண்ணின்னா முட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆறு வடிஞ்ச பிறவு இறைச்சுக்கிடலாம்." பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவள் என்பதால் எனக்கு அது உடனே விளங்கியது. விளங்கியது என்று தலையையும் ஆட்டினேன்.

கருப்பட்டியைப் பரணில் வைப்பதுதான் எங்கும் வழக்கம். அந்த வருடம் பரணெல்லாம் நிறைந்து கிடந்தது. புரட்டாசியில் பெய்த மழைக்கு நிலவறையில் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை என்றதும் என் கணவருக்கு ஆசை வந்துவிட்டது. ஓலைச் சிப்பங்களாகக் கட்டி, கொழும்புக்குப் போகவேண்டிய சரக்கு முழுவதையும் பலகை போட்டு அங்கே அடுக்கினார். அதன்பிறகு தினமும் சாப்பாட்டு வேளையில் அந்த ஓட்டைதான் பேச்சு. கடைத்தெருவில் யாரோ ஒரு வியாபாரி, "ஒம்ம வீட்டுக்கு மட்டும் ஆத்துத் தண்ணிக்குத் தனி வாசல் வச்சிருக்காமே வே!" என்று கேலி பேசிவிட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி மனிதர் பாதிச் சோற்றில் எழுந்துபோவார். நல்ல மனிதர்தான், முணுமுணுப்பு மட்டும் ஓயாது. எனக்குக் காது புளித்துப்போயிற்று. அதோடு, பொய் சொல்வானேன், கண்ணாடி மாதிரித் தரையில் அந்தக் கட்டைத் தலை மட்டும் ஒரு மருப்போலத் தனியாகத் தெரிந்தது எனக்கும் பிடிக்கவில்லை. கலப்பத்துக்காரர் மிச்சச் சுண்ணாம்பைப் பானையில் தண்ணீருக்கடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு மத்தியானம் அதை எடுத்து, அவர் அரைத்தபடியே அரைத்து, தக்கையின் மேல் பூசி, அதே கூழாங்கல்லால் தேய்த்தேன். இடம் தெரியாமல் மறைந்துவிட்டது. என் கைவேலையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. ராத்திரிச் சோறு பரிமாறும்போது, "ஓட்டைய அடைச்சிட்டேன்," என்றேன். "நல்ல காரியம் செஞ்ச," என்று அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

கார்த்திகையில் மேற்கே மலையில் விடாமல் மழை. என் கணவர் கப்பல் விஷயமாகத் தூத்துக்குடி போயிருந்தார். மூன்றாம் நாள் விடிந்ததும் ஆற்றின் இரைச்சல் வீட்டுக்குள்ளேயே கேட்டது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கினேன். விளக்கைத் தூக்கிப் பார்த்தால் தரை காய்ந்து கிடக்கிறது. கையால் தடவினேன், சுவரையும் தடவினேன். எங்கும் துளி ஈரமில்லை. வெளியே ஊரே மிதக்கும்போது அந்த அறை மட்டும் கோடைபோல் இருந்தது. ஒரு பக்கம் கூரைவரை கருப்பட்டிச் சிப்பங்கள், எங்கள் வீட்டின் ஒரு வருடத்துப் பாடு. இந்தக் காய்ந்த தரையை நானே உடைத்து, இந்தச் சரக்கின்மேல் நானே தண்ணீரை விடவேண்டும். கடப்பாரையை ஓங்கினேன். அடிக்க மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று சுவரில் சாத்திவிட்டு மேலே ஏறிவந்தேன். கலப்பத்துக்காரர் அத்தனை நன்றாக அடைத்திராவிட்டால் நான் அவர் பேச்சைக் கேட்டிருப்பேன்.

காலை பத்து மணி இருக்கும். தரைக்கடியிலிருந்து வண்டி குடைசாய்ந்தாற்போல் ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தபோது நிலவறைத் தரை நடுவில் முதுகு தூக்கி, பிளந்து, கலங்கல் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. சிப்பங்கள் சரிந்து தண்ணீர் கருப்பட்டி நிறமாக மாறியது. நான் மாமியாரை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் தென்புறச் சுவர் உள்வாங்கி, அந்த அறை ஓட்டோடு விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லோரும் தோத்திரம் சொன்னார்கள். ஒரு வாரம்வரை வீட்டைச் சுற்றி எறும்பும் ஈயும் அப்பிக்கொண்டிருந்தன.

வெள்ளம் வடிந்த நாலாம் நாள் கலப்பத்துக்காரர் வந்தார். வண்டி ஓடாத பாதையில் அந்த முழங்காலோடு பாதித் தூரம் நடந்தே வந்திருக்கிறார். அதற்குள் ஊர் திரும்பியிருந்த என் கணவர் வாசலிலேயே மறித்து, "வாரும் வே. ஒம்ம வேலையப் பாத்துட்டுப் போரும்," என்று கத்தினார். தெருவில் ஆள் கூடிவிட்டது. நிலவறைப் படி சரிந்து கிடந்ததால் அவரால் கீழே இறங்கிப் பார்க்கவும் முடியவில்லை. மேலிருந்தே கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, என்னிடம் வந்தார்.

"தக்கையப் பிடுங்குனியளா அம்மா?"

என் கணவர் கத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்த நாலு வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பிடுங்குனோம் அண்ணாச்சி," என்றேன்.

"கோட்டத் தொட்ட ஒடனயா?"

"தொட்ட ஒடனதான்."

அவர் நான் சொன்னதை நம்பினார். அதுதான் இன்றுவரை என்னைப் போட்டு அரிக்கிறது. ஒரு வார்த்தை குறுக்கே கேட்டிருந்தால், முகத்தில் ஒரு சந்தேகம் காட்டியிருந்தால், உடைந்து சொல்லியிருப்பேனோ என்னவோ. "அப்பம் என் கணக்குதான் தப்பு," என்று மட்டும் சொன்னார். கொண்டுவந்து வைத்த தண்ணீரைக் குடிக்காமல், உளிகளைச் சுற்றிய சாக்குத்துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். நாலு வீட்டிலும் அதன்பிறகு அவரைக் கூப்பிடவில்லை. என் கணவர் இறக்கும்வரை நானும் அவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அந்த வீட்டில் முணுமுணுப்பும் அன்றோடு நின்றுபோயிற்று, நிற்காமலே இருந்திருக்கலாம்.

அடுத்த கோடையில் நிலவறையை ஆற்று மணல் போட்டுத் தூர்த்தோம். அதற்குமுன் தரையின் மிச்சத்தைப் பெயர்த்தபோது ஈசான மூலை மட்டும் உடையாமல் நின்றது. என் பூச்சைத் தட்டிவிட்டு, இரண்டு ஆட்கள் மாறி மாறி ஆட்டித்தான் தக்கையைப் பிடுங்க முடிந்தது. கீழ்முனை ஆற்றுச் சேற்றில் கறுத்திருந்தது. நார்ச்சுற்றுக்கு மேலே கட்டை புதிதாய் இருந்தது. அதை முந்தானையில் சுற்றி எடுத்துவந்தேன்.

இரண்டு வருடம் கழித்து, ஆத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள் துணிந்து புன்னக்காயலுக்கும் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். தக்கைகூடப் பையில் இருந்தது. கரையில் ஒரு தோணியின் நிழலில், மற்றவர்கள் அடிப்பதற்குத் தும்பு திரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். உளி பிடிக்கும் வேலை அவரிடம் இல்லை. என்னைக் கண்டதும் முனகலோடு எழுந்து, மகளைக் கூப்பிட்டுப் பாய் போடச் சொன்னார். "இப்பவும் படுத்தா அந்தக் கணக்குதான் மனசுல ஓடுது அம்மா," என்றார். "மணல் தப்பா, குழா சின்னதாப் போச்சா, கோட்ட ஒரு சாண் கீழ கீறியிருக்கணுமா, ஒண்ணும் பிடிபட மாட்டக்கு. பிறத்தியாரு வீட்டச் சாய்ச்சிட்டமேன்னு தோணியத் தொடவே கை பயப்படுது." நான் வாயைத் திறந்தேன். சுற்றிலும் ஆட்கள், எதிரே அவர் மகள். "விடுங்க அண்ணாச்சி, எல்லாம் ஆண்டவர் சித்தம்," என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். பூசியது நான், பழியை ஆண்டவர்மேல் போட்டுவிட்டு வந்தேன். ஒரு வருடத்துக்குள் அவர் இறந்துபோனதை மீன்காரி ஒருத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இன்றைக்கும் ஐப்பசி மழை. காலையில் கம்பை ஊன்றிக்கொண்டு பின்வாசல்வரை போனேன். கிணற்றுக்குள் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. தண்ணீர் அதற்குக் கீழே ஒரு முழத்தில் நிற்கிறது. பிடுங்க ஓட்டையும் இல்லை, நிரம்ப அறையும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு மழைக்கும் போய்ப் பார்க்கிறேன். திரும்பி வந்து மேசைமுன் உட்கார்ந்து தக்கையைக் கையில் எடுத்தால், அவர் கேட்டதுதான் கேட்கிறது, தக்கையப் பிடுங்குனியளா அம்மா என்று.

இல்ல அண்ணாச்சி, பிடுங்கல. உங்க கணக்கு சரிதான்.