முடிக்காதவர்களுக்கே டேப்லெட்: பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளிப் பயணம்

ஒரு திங்கட்கிழமை கடலூர் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. எல்லை தாண்டினால் புதுவைப் பள்ளிகளுக்கு அன்று வேலைநாள். என்னைப் போன்ற தொடக்கப்பள்ளி ஆசிரியைக்கு வேறென்ன வேண்டும்? பாகூர் பக்கம் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு நடத்தும் தோழி சுமதியைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

காரணம், என் வகுப்புத் தேன்மொழி. எழுத்துக் கூட்டவே திணறுவாள். "படிப்பு ஏறல டீச்சர். வூட்ல தங்கச்சியப் பாத்துக்கட்டும்" என்று அவள் அம்மா நிறுத்தப் பார்த்தார். அந்த வார வெள்ளிக்கிழமை வரை கெஞ்சித் தவணை வாங்கியிருந்தேன்.

காலை 8.10-க்குக் கடலூரில் பேருந்து. கிருமாம்பாக்கத்துக்குப் பதினைந்து ரூபாய், இருபத்தைந்து நிமிடம். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்.

"பாண்டிக்கு எல்லாரும் பீச் பாக்க வருவாங்க. நீங்க இன்னாம்மா, இஸ்கூல் பாக்க வந்துகிறீங்க?" என்று சிரித்தார் ஓட்டுநர். ஆனாலும் பள்ளி வாசல்வரை கொண்டுவந்து விட்டார். நல்ல மனிதர்.

சுமதியின் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள், மூன்று டேப்லெட். எங்களுக்கும் அதே மூன்றுதான். என் வகுப்பில் முதலில் முடிப்பவர்களுக்கு அதைப் பரிசாகத் தருவேன். இங்கே வாசிக்கத் திணறிய மூவர் அதன் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, சுமதி பதிந்துவைத்த பாடத்தைக் கேட்டபடி வரிமேல் விரல் ஓட்டினார்கள். முடித்தவர்களோ நாளைய வாசிப்புக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"முடிச்சவங்களுக்கு டேப்லெட் இல்லையா?"

"அவங்களுக்கு இன்னாத்துக்குக்கா? நான் ரெண்டு வாட்டி படிச்சிக் காட்டுவேன். பத்தாவது வாட்டி என் மூஞ்சே மாறிடும். அதுக்கு மாறாது."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடமாகத் தேன்மொழியை வேடிக்கை பார்க்க வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல், மதியச் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு எனக்குப் பாடத்தைப் பதிவு செய்யக் கற்றுத்தந்தாள் சுமதி. அவளுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

போக நினைப்பவர்கள் தலைமையாசிரியரிடம் முன்பே அனுமதி வாங்குங்கள். ஒன்பதுக்குள் போய்விடுங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம். மாலை ஐந்துக்கு மேல் கடலூர் பேருந்தில் நின்றுதான் வர வேண்டும்.

மறுநாள் என் வகுப்பில், பாடத்தைப் பதிந்த டேப்லெட்டை நீட்டினேன். தேன்மொழி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் இன்னும் முடிக்கலையே டீச்சர்."

"அதனாலதாண்டி உனக்கு."

நான்கே வரிப் பாடம். அந்த வாரம் எத்தனை முறை கேட்டாளோ, நான் எண்ணவில்லை. வெள்ளிக்கிழமை அவள் அம்மா வந்து நின்றார். தேன்மொழி புத்தகத்தை விரித்து, விரல் வைத்து, தட்டுத்தடுமாறி நான்கையும் வாசித்தாள். நிறுத்துவதைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னொரு வாட்டி படிடி."