அக்காவுக்கு எத்தனை ஸ்டார்

வருங்காலக் கதைகள் எழுதுகிறவள் நான். வாரம் முழுக்க தாம்பரத்தில் ஒரு ஆபீஸில் ஃபைல் தள்ளுகிறேன், லீவு நாளில் இயந்திரங்கள் மனிதரை மேய்க்கிற ஊர்களைக் கட்டுகிறேன். எந்த இலக்கியக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் எழுந்து, "மேடம், இதெல்லாம் இன்னும் எத்தனை வருஷத்துல நடக்கும்?" என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இனிமேல் என்னய்யா நடக்கிறது? கோவிலம்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் கேட்டுக்கு ஒரு நாள் காலையில் வந்து நின்று பாருங்கள்.

கேட்டில் ஒரு டேப்லெட் மாட்டியிருக்கிறது. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் அதில் தங்கள் நம்பரை அழுத்த வேண்டும். பச்சை வந்தால் உள்ளே போகலாம், சிவப்பு வந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அதோடு விட்டார்களா? குடியிருக்கும் நாங்கள் போனில் ஒரு ஆப் வழியாக அவர்களுக்கு ஸ்டார் போடலாம், கருத்து எழுதலாம். புதிதாக ஆள் தேடும் வீட்டார் அதைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வேலைக்காரர் மட்டும் பார்க்க முடியாது. ஆப் எங்களுக்கு மட்டும்தான். காட்டவும் கூடாது என்று விதியே இருக்கிறது.

எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா பள்ளிக்கரணையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். எங்கள் பிளாக்கில் நாலு வீடு அவளுக்கு, அதில் என்னுடையதும் ஒன்று. தினமும் கேட்டில் பச்சை வந்ததும், "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பாள். செக்யூரிட்டி சிரிப்பார். முதல் மாடிக்காரர்களுக்கு அதுதான் அலாரம்.

ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "யம்மா, அஞ்சாவது மாடில வரச் சொல்லிட்டு அப்பறம் வேணாண்ட்டாங்க. அந்த ஆப்புல என்னப் பத்தி இன்னாவோ எழுதிக்கீறாங்களாம். கொஞ்சம் படிச்சுக் காட்டேன்."

எடுத்துப் படித்தேன். ரெண்டரை ஸ்டார். 'அடிக்கடி லீவு.' 'காய்ச்சல் என்று பொய்.' 'வாய் அதிகம்.' அந்தக் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தவளே நான்தான். அக்கா ஈரக் கையோடு நின்று இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"வாய் அதிகமாமா? யாரு எழுதினது?"

"பேர் வராதுக்கா."

"பதிலுக்கு நான் எழுத முடியாதா?"

"முடியாதுக்கா."

சிங்க் பக்கம் திரும்பினாள். "சரி வுடு. பெர்சு பண்ணாத. இருக்கற வூடும் பூடும்" என்று சொல்லிவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அவள் விட்டுவிட்டாள், நான் விடவில்லை. ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில் கதை எழுதி முடித்தேன். ஒரு நகரம். எல்லார் நெற்றியிலும் ஒரு எண் ஒளிரும். அடுத்தவர் எண் தெரியும், தன் எண் மட்டும் தெரியாது. நகர வாசலில் தினமும் ஒரு பெண் வந்து நிற்கிறாள். ஒரு நாள் ஒருத்தி அவள் எண்ணை அவளுக்கே படித்துக் காட்டிவிடுகிறாள். அக்கா என்று யாருக்கும் தெரியக் கூடாதென்று வயதை மாற்றினேன், உயரத்தை மாற்றினேன், தொழிலை மாற்றினேன். ஆனால் வாசல் திறக்கும்போது அந்தப் பெண் "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று கத்துவாள். அந்த ஒரு வரியை மட்டும் எடுக்க மனசே வரவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்தது. எழுதுகிறவர்களுக்கு இருக்கிற பேராசை அது, வேறு என்ன சொல்ல?

அபார்ட்மெண்ட் ஆண்டு விழா மலருக்கு அதைக் கொடுத்தேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். ரிட்டயர்டு ஆபீசர், பரம சாது. காபி கொடுத்தார். என் கதைகளில் தணிக்கை செய்ய வருகிறவர்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு கதவை உடைப்பார்கள். இவர் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"அருமையா எழுதறீங்க மேடம். ஆனா குழந்தைங்கள்லாம் படிக்கற மலர் பாருங்க. அந்த நம்பர் வேணாம். கேட் வேணாம். முடிவு கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்."

"நம்பரும் கேட்டும் போனா கதையில என்ன சார் மிச்சம்?"

"பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கே, பறவைங்க வருதே, அதப் பத்தி எழுதலாமே!"

பறவையாம்! எழுந்து வந்தேன். வந்த வேகத்தில் முழுக் கதையையும் குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். மூன்றே நிமிடம், 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்தது. அடுத்த நிமிடம் குரூப்பில் நிர்வாகிகள் தவிர யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். எழுதியது அப்படியே நடக்கிறதே! தனியாக எனக்கு வந்த செய்திகளைப் பார்க்க வேண்டுமே. 'சூப்பர் மேடம்.' 'செம தைரியம் உங்களுக்கு.' குரூப் திறந்திருந்தபோது இதில் ஒரு மகராசியாவது வாயைத் திறந்தாளா? இல்லை. ஆனாலும் அன்று முழுக்க ஆபீஸில் பெரிய போராளி மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து போன். "யம்மா, செவப்பு வருதும்மா."

இறங்கி ஓடினேன். திரும்பத் திரும்ப நம்பரை அழுத்திக்கொண்டிருந்தாள். பின்னால் வேலைக்கு வந்த மற்ற பெண்கள் வரிசையாக நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சங்க ஆபீஸ்லேர்ந்து பிளாக் பண்ணிட்டாங்க மேடம்" என்றார் செக்யூரிட்டி, என் முகத்தைப் பார்க்காமல்.

செயலாளர் வீட்டு மணியை விடாமல் அடித்தேன்.

"ஸ்தோத்திரம்னு போட்டிருக்கீங்களே மேடம், யாருன்னு தெரியாதா? அவங்க வேலை செய்யற மத்த மூணு வீட்டுக்காரங்களும் எனக்கு போன் பண்றாங்க. அந்தம்மாவுக்கு ரேட்டிங் எப்படித் தெரிஞ்சுது? ரெசிடெண்ட்ஸ் பிரைவசி என்ன ஆகறது?"

"காட்டினது நான் சார். பிளாக் பண்றதுன்னா என்னைப் பண்ணுங்க."

"ஓனரை எப்படி மேடம் பிளாக் பண்றது?" அவர் நிஜமாகவே குழம்பிப் போனார். "ஆப்புல அந்த ஆப்ஷனே கிடையாதே."

"நீங்கள்லாம் மனுஷங்கதானா சார்? நாலு வீட்டு வேலைய வெச்சுத்தான் அவங்க வீட்ல அடுப்பே எரியுது!" என்று கத்தினேன். மனிதருக்குக் கோபமே வரவில்லை. "எமோஷனல் ஆகாதீங்க. ஒரு நாலு வரி எழுதிக் குடுங்க, குரூப்ல போட்டுடறேன். அந்தம்மாவோட பிளாக்கை உடனே எடுத்துடறேன்" என்றார்.

எழுதினேன். 'கதை முழுக்கக் கற்பனை. நம் குடியிருப்பில் அப்படி எதுவும் இல்லை. யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.' என் கதைகளில் இப்படி ஒரு வாக்குமூலம் வாங்க மூன்று அத்தியாயம் ஆகும், இருட்டறை, பட்டினி எல்லாம் வேண்டும். எனக்கு ஒன்றரை நிமிடம் போதுமாக இருந்தது, அதுவும் ஃபேன் காற்றில், சோபாவில் உட்கார்ந்து. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்து, 'வருந்துகிறேன்' என்பதற்கு முன்னால் 'மிகவும்' சேர்க்கச் சொன்னார். நாசமாய்ப் போக! சேர்த்தேன்.

பத்து மணிக்கெல்லாம் பச்சை வந்துவிட்டது. நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அக்காவுக்காகக் காத்திருந்தேன். மற்ற மூன்று வீட்டையும் முடித்துவிட்டுக் கடைசியாக வந்தாள். நான் படபடவென்று பொரிந்து தள்ளினேன். சங்கத்தை விடப் போவதில்லை, வக்கீலைப் பார்க்கப் போகிறேன், இன்னும் என்னென்னவோ. அவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அத்த வுடும்மா. என்ன வெச்சு கத எழுதினியாமே. யாரோ அனுப்பினத செக்யூரிட்டி அண்ணன் போன்ல வெச்சுக்கினு படிச்சுக் காட்டுச்சு."

"ஆமாக்கா. உங்களுக்காகத்தான் எழுதினேன்."

"எனக்காகவா?" அவள் குரல் உயர்ந்தது. அதுவரை என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. "அவங்க எனக்குத் தெரியாம ஸ்டாரு போட்டாங்க. நீ எனக்குத் தெரியாம கத போட்ட. தெனமும் உன் வூட்லதானே நிக்கிறேன்? என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

மூணு வீடே போதும், இனி இங்கே வர மாட்டேன் என்றாள். ஆறு வருஷமாக அவளிடம் இருந்த என் வீட்டுச் சாவியை செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

செயலாளரை இன்னும் திட்டுகிறேன். அந்த ஆப்பை, பெயர் போடாமல் எழுதிய கோழைகளை, தனியாக வந்து 'சூப்பர்' சொன்னவர்களை, எல்லாரையும் திட்டுகிறேன். ஆனால் அக்கா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.