பாப்பா போட்ட கூடை

ஊர்ச் செய்தி என்றால் என்ன என்று அந்த நாளில் எல்லோருக்கும் தெரியும். யார் தலைமை வகித்தார், யார் மாலை போட்டார், யார் வந்தனம் சொன்னார், யார் செலவில் காப்பியும் பலகாரமும் கிடைத்தன. அவ்வளவுதான் செய்தி. நடுவில் என்ன நடந்தது என்று கேட்கக் கூடாது. கேட்டால் சீனிக்குக் கோபம் வந்துவிடும்.

சீனி ஈப்போவில் ஒரு துணிக்கடையில் முழம் போடுகிறவர். பினாங்கிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகைக்கு அவர்தான் 'நமது ஈப்போ நிருபர்'. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் இழவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற பெரிய மனிதர்களுக்கு அவரை விட்டால் நாதியில்லை. துணி அளக்கும்போது முழத்துக்கு நாலு விரல் குறைப்பார். செய்தி எழுதும்போது அந்த நாலு விரலையும் பெரிய மனிதர்கள் உயரத்தில் கூட்டிவிடுவார்.

இந்தச் சீனியின் செய்தியில் தன் பெயர் வர வேண்டும் என்று பாப்பா ஆசைப்பட்டாள். பதினைந்து வயசு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம். வேறு எதற்காவது ஆசைப்பட்டிருக்கலாம், விதி யாரை விட்டது.

லகாட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்த ஐயாவுவின் ஒரே மகள் அவள். தாய் காய்ச்சலில் போய் வருஷக்கணக்காகிவிட்டது. ஈப்போவில் அத்தை நல்லம்மாள் வீட்டில் தங்கி, மிஷன் பெண்கள் பள்ளியில் படித்தாள். பாப்பா என்பது செல்லப் பெயர் அல்ல, பெயரே அதுதான். பெயர் வைக்க நல்ல நாள் பார்ப்பதற்குள் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ஆளாளுக்குப் பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் அதையே எழுதிக்கொண்டார்கள்.

பள்ளியின் செம்மண் திடலில் இரண்டு கம்பம் நட்டு, உச்சியில் இரும்பு வளையமும் அதில் ஒரு வலையும் மாட்டியிருந்தார்கள். அந்த வலைக்குத்தான் கூடை என்று பெயர். பந்தை எறிந்து அதற்குள் விழவைக்க வேண்டும். பந்தோடு ஓடக்கூடாது, அவரவருக்குக் கிழித்த கோட்டைத் தாண்டக்கூடாது. பெண் பிள்ளைகளுக்கென்றே வெள்ளைக்காரர்கள் யோசித்து யோசித்துச் செய்த விதியாம். கோட்டைத் தாண்டாதே என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தரக் கப்பலேறி ஆள் வர வேண்டுமா?

ஆனால் அந்தக் கோட்டுக்குள் நின்று, குதிகாலை உயர்த்தி, பந்தைக் கைவிடுகிற நொடியில் பாப்பாவுக்கு ஒரு சந்தோஷம் வரும். அந்த நேரத்தில் அவள் கங்காணி மகளும் இல்லை, தாயில்லாப் பிள்ளையும் இல்லை, நல்லம்மாள் வீட்டில் சோறு தின்கிற பெண்ணும் இல்லை. வெறும் பாப்பா. தைப்பிங் பள்ளியோடு நடக்கப்போகும் போட்டியில் அவளைத்தான் கூடைக்குப் பக்கத்தில் நிறுத்துவதாக முடிவாகியிருந்தது. ஜெயித்துவிட்டால் பத்திரிகையில் பெயர் வராமலா போகும் என்று நினைத்தாள்.

போட்டிக்கு முந்திய வாரம் ஈப்போவில் பெரிய மனிதர் யாரும் சாகவில்லை, கூட்டமும் போடவில்லை. சீனி செய்திக்கு அலைந்துகொண்டிருந்தார். ரவிக்கைத் துணி எடுக்க வந்த நல்லம்மாளிடம் விசாரித்தார்.

"எங்க பாப்பா கூடை போடுறதுல கெட்டிக்காரிலா. தைப்பிங்கோட போட்டியே வருது," என்றாள் அத்தை.

பள்ளி வேலிக்குள் ஆண்கள் போக முடியாது. அதனால் சீனி அந்த விளையாட்டைக் கண்ணால் கண்டதில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் அப்புறம் அவர் என்ன நிருபர்? எழுதிவிட்டார்: 'லகாட் ஸ்ரீமான் ஐயாவு கங்காணியாரின் குமாரத்தி, ஈப்போ பெண் பாடசாலையில் கூடைத் தொழிலில் மகா சமர்த்தாக விளங்குகிறாள். அன்னாள் ஒரு மாலைப் பொழுதில் சுமக்கும் கூடைகளுக்குக் கணக்கில்லை.'

தொழிலும் சுமப்பதும் சீனியின் கைச்சரக்கு.

பத்திரிகை தோட்டத்துக்கு வந்தது. மளிகைக் கடை பிச்சைமுத்து அதை உரக்கப் படித்தார். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்புக்குக் காரணம் உண்டு. ஐயாவு தன் சரித்திரத்தைத் தானே சொல்லிப் பரப்பியவர். அவர் கங்காணியாகவே கப்பலேறினவராம், கூலிக்காரன் கூடையை விரலால் தொட்டதில்லையாம். உண்மை வேறு. ரயில் பாதைக்கு மேடு போட மண் சுமந்தவர் அவர். சும்மாடு தேய்த்துத் தேய்த்து உச்சந்தலையில் ஓர் உள்ளங்கை அளவுக்கு முடியே முளைக்காமல் போய்விட்டது. அதை மறைக்கத்தான் அந்தப் பெரிய தலைப்பாகை. சின்ன வயசில் எண்ணெய் தேய்த்துவிட்ட பாப்பாவைத் தவிர அந்த வழுக்கையைக் கண்டவர் தோட்டத்தில் கிடையாது.

"என்னண்ணே," என்றார் பிச்சைமுத்து, "மகளப் படிக்க அனுப்புனீங்கன்னுல்ல நெனச்சோம். கூடை தூக்க எதுக்கு ஈப்போ வரைக்கும் போவணும்? இங்கயே பேர் பதிஞ்சிருக்கலாம்லா!"

ஐயாவு கோட்டைப் போட்டார், தலைப்பாகையை இறுக்கினார், குடையை எடுத்தார். பள்ளிக்கூடமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், பெட்டியோடு மகளைக் கூட்டிவந்துவிடுவது என்று ரயிலேறினார். அன்றுதான் தைப்பிங்கோடு போட்டி.

பாப்பா திடலில் நின்றபடி வாசலைப் பார்த்தாள். குடை தெரிந்தது. அதன் கீழே அப்பாவின் முகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது, கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார். முதலில் எறிந்த பந்து வளையத்தின் பக்கம்கூடப் போகவில்லை. அடுத்ததும் அப்படித்தான்.

அன்றைக்குப் பெற்றவர்களுக்கு மட்டும் கதவு திறந்திருந்தது. ஜெயித்தவர்களுக்குக் கோப்பை கொடுக்க வர வேண்டிய வக்கீல் மனைவிக்கு மண்டையிடி என்று சற்று முன்புதான் ஆள் வந்து சொல்லிப்போனான். தலைமையாசிரியை துரைசாணி கையைப் பிசைந்துகொண்டு வாசலுக்கு வந்தால், எதிரே கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக ஒரு கனவான். ஏதோ கேட்டாள். ஐயாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் 'எஸ் சார்' ஒன்றுதான். அதைச் சொன்னார். இன்னும் ஏதோ கேட்டாள். அதற்கும் எஸ் சார். மகளை இழுத்துப்போக வந்த மனிதரைக் கையோடு அழைத்துப்போய், வெள்ளிக் கோப்பைக்குப் பக்கத்தில் மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்த்தி, கழுத்தில் ஒரு மாலையும் போட்டுவிட்டாள். தோட்டத்தையே மிரட்டுகிற ஐயாவு, நாற்காலி நுனியில் சம்மணம் போடலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தார்.

அதைப் பார்த்ததும் பாப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததில் பயம் போய்விட்டது. அதன்பிறகு அவள் எறிந்ததெல்லாம் விழுந்தது. மணி அடிக்கப்போகிற நேரத்தில் இரண்டு பக்கமும் சமம். சீனத்துத் தோழி ஒருத்தி வீசிய பந்து அவள் கைக்கு வந்தது. தைப்பிங் பெண் நெட்டையாக எதிரே நின்று மறைத்தாள். பாப்பா கூடையைப் பார்க்கவில்லை, அது எங்கே இருக்கிறது என்று கைக்கே தெரிந்திருந்தது. பந்து வலைக்குள் விழுந்து கீழே வந்தது. பிள்ளைகள் அவளைத் தூக்கிக்கொண்டார்கள்.

கோப்பை கொடுத்து முடிந்ததும் ஐயாவு அவளைத் தனியே கூப்பிட்டார்.

"என்னம்மா இது, அந்தக் கூடையில அடியே இல்லையே?"

"அடி இருந்தா சொமக்கச் சொல்லிருவாங்கப்பா."

ஐயாவு அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாலையைச் சரிசெய்துகொண்டு, "சரி, படி," என்று சொல்லிவிட்டுத் தனியாக ரயிலேறினார்.

அடுத்த வாரம் பத்திரிகை வந்த அன்று பாப்பா தோட்டத்துக்குப் போயிருந்தாள். ஐயாவு நாலு பேரைக் கூட்டி உட்காரவைத்து, மகளைப் படிக்கச் சொன்னார். அவளும் தன் பெயரைத் தேடிக்கொண்டே படித்தாள்: 'ஈப்போ பெண் பாடசாலையில் லகாட் ஸ்ரீமான் ஐயாவு கங்காணியார் அவர்கள் தலைமையில் வைபவம் வெகு விமரிசையாக நடந்தேறியது. கங்காணியார் அவர்கள் ஆசனத்தில் வீற்றிருந்து, தம் திருக்கரத்தால் வெள்ளிக் கோப்பை வழங்கினார்கள். தேநீர் உபசாரம் நடந்தது. சிறுமிகளும் விளையாடினார்கள்.'

வந்தவர்கள் வாயைப் பிளந்துவிட்டுப் போனார்கள். ஐயாவு மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எம் பேரு இல்லையேப்பா," என்றாள் பாப்பா.

"அப்பன் பேரு வந்தா மக பேரு வந்த மாதிரிதானே. இதுல என்னலா சூசா, என்ன கஷ்டம் ஒனக்கு?"

பாப்பாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "ரயில் மேட்டுக்கு மண்ணு சொமந்தது யாருப்பா?" என்றாள்.

ஐயாவு சட்டென்று வாசல் பக்கம் பார்த்தார். "மெல்லப் பேசு."

"கல்லுல யாரு பேர வெட்டுனாங்க?"

அந்தக் கல்லைப் பற்றி அவளுக்குச் சொன்னவரே ஐயாவுதான். மண் சுமக்கும் நாளெல்லாம் தலைகாட்டாத ஒரு துரை, திறப்பு விழா அன்றைக்கு மட்டும் வந்து ரிப்பனை வெட்டினான். அவன் பெயர் கல்லில் ஏறிவிட்டது. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்லி, பிள்ளை காது கூசும்படி அந்தத் துரையை வைதிருக்கிறார். இப்போது வைவதற்கு எதிரே துரை இல்லை. அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் துணிக்கடையில் போய் நின்றார்.

"எழுதுலா சீனி. கூடை போட்டது எம் மவ. பேரு பாப்பா."

சீனி கையிலிருந்த முழக்கோலைக் கீழே வைத்தார். "பொம்பளப் புள்ள பேரப் பத்திரிகையில போடுறதாண்ணே? நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

"அத நான் பாத்துக்கிறேன். நீ எழுது."

சீனியும் எழுதினார். கங்காணியாரின் குலப்பெருமையில் ஆரம்பித்து, கலைமகளைக் கூப்பிட்டு, கடைசியில் பாப்பாவின் பெயர் விடுபட்டதற்கு வருந்தி, பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார். பினாங்கில் அந்த வாரம் பல்பொடி விளம்பரம் ஒன்று பெரிதாக வந்துவிட்டது. பத்திரிகைக்காரர் இடமில்லாமல் வெட்டினார், வெட்டினார், இரண்டு வரி மிஞ்சும் வரைக்கும் வெட்டினார். மிஞ்சியதில் பாப்பா என்று இருந்தது, பெயர் விடுபட்டது என்றும் இருந்தது. அவருக்குத் தோன்றிய தலைப்பின் கீழ் போட்டுவிட்டார்: 'ஜனனம். லகாட் ஸ்ரீமான் ஐயாவு கங்காணியாருக்குப் பாப்பா. பெயர் இன்னும் இடவில்லை. நமது ஆசிகள்.'

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பெண்டாட்டி செத்து இத்தனை வருஷமான மனிதருக்குப் பாப்பா என்றால் எந்த ஊர் சும்மா இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை லயமே திரண்டு கங்காணி வீட்டு வாசலுக்கு வந்தது. முன்னால் பிச்சைமுத்து, கையில் பச்சைக் குழந்தைக்குப் போடுகிற வசம்பு வளையல்.

"சந்தோசம்ண்ணே," என்றார் அவர். முகத்தில் அப்படியொரு பவ்வியம். "பாப்பாவுக்குக் கொண்டாந்தோம். ஆனா தாயி யாருன்னு பத்திரிகையில போடலியே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கதவோரம் நின்ற பாப்பாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் பெயர் வர வேண்டும் என்று கேட்டதற்கு இப்படியா வர வேண்டும்? இத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது, அப்பா இனி விடமாட்டார் என்றே நினைத்தாள்.

ஐயாவு அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலைப்பாகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். உச்சந்தலை வெயிலில் பளபளத்தது. சிரித்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். அந்த வழுக்கை எப்படி வரும் என்று அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, பாதிப் பேர் தலையில் அதுதான் இருந்தது.

"தாயி செத்துப்போனவதான்," என்றார். பிச்சைமுத்துவின் கையிலிருந்து வளையலை வாங்கி மகளிடம் கொடுத்தார். "பாப்பா இந்தா நிக்கிறா. பொறந்து பதினஞ்சு வருசமாச்சு. எனக்குத்தான் போன வாரம் சேதி கெடச்சுது."