மில்கா விட்ட பலூன்

டச்சுக்காரர்கள் ஆண்ட நியூகினியின் பியாக் தீவில், விமான நிலையத்துக்குப் பின்னால், பவளப்பாறைத் தரையில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. தினமும் காலை ஒன்பது மணிக்கு அதற்குள்ளிருந்து மில்கா கொய்பூர் ஒரு வெள்ளைப் பலூனைக் கட்டிப்பிடித்தபடி வெளியே வருவாள். பலூன் அவளைவிடப் பெரியது. காற்று பலமாக இருந்தால் அவளையும் இழுத்துக்கொண்டு நாலு எட்டு ஓடும். அதன் அடியில் சிவப்புத் துணியில் சின்னதாக ஒரு பாராசூட், அதற்கும் கீழே சின்ன ரேடியோ அடங்கிய ஓர் அட்டைப் பெட்டி. கையை விட்டதும் எல்லாம் சேர்ந்து மேலே போய்விடும்.

உள்ளே ஓடி வந்து காதில் கருவியை மாட்டிக்கொள்வாள். பெட்டி சில்வண்டு மாதிரி கத்தும். மேலே போகப் போகக் குளிருக்கு ஏற்ப அந்தக் குரல் மாறும். அதைக் கேட்டு எழுதுவதுதான் அவள் வேலை. ஒன்றரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். கால் தரையில் இருக்கும். மற்றதெல்லாம் அந்தப் பெட்டியோடு, மேகத்துக்கும் மேலே, பறவையும் போகாத வெளியில் மிதந்துகொண்டிருக்கும். பலூன் வெடித்துக் குரல் இறங்க ஆரம்பித்ததும், தூக்கத்திலிருந்து எழுப்பினாற்போல விழிப்பாள்.

மிஷன் விடுதிப் பள்ளியில் படித்தவள். ரைன் நதி எங்கே கடலில் சேர்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அவள் அப்பா கொப்பரை ஏற்றிக்கொண்டு போகும் தீவுகள் பள்ளிச் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் ஒன்றுகூட இருந்ததில்லை. கணக்கு நன்றாக வந்ததால் வானிலை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. மேலதிகாரி ஹூக்ஸ்ட்ரா, வெயிலில் மூக்குத் தோல் உரிந்துகொண்டே இருக்கும் டச்சுக்காரர். "உன் காது எனக்கு இருந்தா நான் பியானோ வாசிக்கப் போயிருப்பேன்" என்பார்.

அவளுக்கு நிச்சயமாகியிருந்த யெரெமியாஸ் ரும்பெரே பப்புவா தொண்டர் படையில் இருந்தான். ஒரு பக்கம் மடித்த தொப்பி, பளபளக்கும் பூட்ஸ். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வரும்போது கேட்பான்.

"இன்னைக்குக் காத்து என்ன சொல்லிச்சு?"

"உன் பூட்ஸ் நாறுதுன்னு சொல்லிச்சு."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு அது. தலைநகர் ஹாலந்தியாவில் புது மன்றம் கூடிவிட்டது. பப்புவாக்காரர்கள் கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்து பேசினார்கள். டச்சுக் கொடிக்குப் பக்கத்தில் பப்புவாவின் நட்சத்திரக் கொடியும் பறந்தது. இந்தோனேசியாவின் ஜகார்த்தா வானொலியோ அந்த மண் தன்னுடையது என்று தினமும் சொன்னது. பாராசூட்டில் ஆட்கள் இறங்குகிறார்கள் என்ற பேச்சு ஊர் ஊராக நடந்தது. யார் இருமினாலும் கடற்கரையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நாட்களில்தான் ஒரு காலை, மில்கா பெட்டியில் சீட்டு ஒட்ட மறந்தாள். 'வானிலை அலுவலகப் பொருள், ஆபத்தில்லை' என்று மலாயிலும் டச்சிலும் அச்சடித்த சீட்டு. ஒட்டவேண்டிய நேரத்தில், ஓடுதளத்திலிருந்து கிளம்பிய பெரிய விமானத்தின் ஜன்னலில் ஒரு குழந்தை கையசைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். அது தனக்குத்தானா என்று யோசித்தபடியே பலூனை விட்டாள். சீட்டு மேஜைமேல் கிடந்ததைப் பிறகு பார்த்தாள். கடலில்தானே விழப்போகிறது என்று எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் ஹூக்ஸ்ட்ரா முகம் வெளுத்து வந்தார். "வடக்குக் கரையில பாராசூட் இறங்கியிருக்காம். ரேடியோப் பெட்டியோட. ஆளையும் பிடிச்சாச்சு. உன் யெரெமியாஸ்தான் பிடிச்சானாம்."

மில்கா காதிலிருந்து கருவியைக் கழற்றினாள். "சிவப்புத் துணியா ஐயா?"

அவர் ஜீப் சாவியை எடுத்தார்.

வடக்குக் கரைக்கு அரை நாள் வழி. காட்டின் பச்சை இருட்டும் கடலின் வெளிச்சமும் மாறி மாறி வந்தன. இந்த வழி முடியவே கூடாது என்று மில்காவுக்கு இருந்தது.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் இல்லை. வகுப்பறைத் தூணில் ஒருவரைக் கட்டிப்போட்டிருந்தார்கள். லா மானே, இந்தோனேசியாவின் பூத்தோன் தீவுக்காரர், பத்து வருஷமாக அந்தக் கரையில் கருவாடு வாங்கி விற்கிறவர். உதடு கிழிந்திருந்தது. வாசலில் துப்பாக்கியோடு யெரெமியாஸ். அவளைப் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்தினான்.

"பாத்தியா? கார்ப்பொரல் பட்டை வரப்போகுது எனக்கு."

"யாரு அடிச்சது இவரை?"

"கேட்டா பதில் சொல்லணும்ல. மீன் மீன்னே சொல்றான்."

மேஜையில் அந்தச் சிவப்புத் துணி. விரித்தால் ஒரு தலையணைக்கு உறை போடலாம், அவ்வளவுதான். பக்கத்தில் நசுங்கிய பெட்டி. அதைக் கண்டெடுத்த தோட்டக்காரப் பெண், விசாரிக்க வந்திருந்த படை லெப்டினன்ட்டிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் பாத்தேன் ஐயா. ஆள் அதுல தொங்கிட்டு வந்தான். குட்டையா இருந்தான்."

"எவ்வளவு குட்டை?" என்றார் ஹூக்ஸ்ட்ரா.

அவள் முழங்காலுக்குக் கீழே கையைக் காட்டினாள். பிறகு யோசித்து, இடுப்புவரை உயர்த்தினாள்.

வெளியே கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். லெப்டினன்ட் சிரிக்கவில்லை. வானிலைப் பெட்டி என்றால் சீட்டு இருக்குமே, இதில் இல்லையே என்றான். சீட்டைக் கிழித்துவிட்டு இவனே இதை உளவு ரேடியோவாக்கியிருக்கலாம் என்றான். ஹூக்ஸ்ட்ரா தொண்டையைக் கனைத்தார். மழையில் சீட்டு உரிந்துபோவது உண்டு என்று ஆரம்பித்தார். மில்காவின் வேலையைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"மழை இல்லை ஐயா," என்றாள். "நான் ஒட்டல. மறந்துட்டேன். பெட்டி நம்பரைப் பாருங்க, உள் மூடியில இருக்கும். ஐநூத்திப் பதினேழு. அன்னைக்குக் காலையில நான் விட்டது. இந்த மனுசர் மேல ஒரு தப்பும் இல்லை."

மூடியைத் திறந்து பார்த்தார்கள். ஐநூற்றுப் பதினேழு.

லெப்டினன்ட் வெளியே போனான். கட்டை யார் அவிழ்ப்பது என்று எல்லோரும் நின்றுகொண்டிருந்தபோது, யெரெமியாஸ் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் முடிச்சை அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்தது. குனிந்து பல்லால் கடித்து இழுத்தான். லா மானே மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு மில்காவைப் பார்த்தார்.

"ஏம்மா, மேல என்னதான் இருக்கு? இத்தனை பாடுபட்டு அனுப்புறீங்களே."

"குளிர்" என்றாள். சொல்லும்போதே அழுதாள்.

யெரெமியாஸ் மூன்று ஞாயிறு அவள் பக்கம் வரவில்லை. நாலாம் ஞாயிறு கோயில் வாசலில் நின்றான்.

"பட்டை போச்சு," என்றான். "படையில எல்லாரும் என்னைப் பலூன் மாப்பிள்ளைன்னு கூப்பிடறானுங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னேன்."

மில்காவுக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. அதை ஹூக்ஸ்ட்ரா உரக்கப் படித்துவிட்டு அலமாரியின் அடியில் வைத்தார். டச்சு ஆட்சி கைமாறி, நவம்பர் மழை தொடங்கியபோது அவரே கப்பலேறினார். இடைக்காலத்துக்கு ஆள ஐக்கிய நாடுகள் சபையின் ஆட்கள் நீலத் தொப்பியோடு வந்திருந்தார்கள். டச்சுக் குடும்பங்களின் வீடுகளில் திரைச்சீலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அலுவலகத்துக்கு யாரும் வரவில்லை, நிறுத்து என்றும் யாரும் சொல்லவில்லை. கொட்டகையில் நாற்பத்தாறு பலூன் மிச்சம் இருந்தது. மில்கா தினமும் ஒன்பது மணிக்கு ஒன்றை விட்டாள்.

பலூன் தீர்ந்த பிறகும் வந்து உட்கார்ந்து மேகத்தைப் பார்த்து எழுதினாள். மே மாதம் தீவு இந்தோனேசியாவின் கைக்குப் போனது, ஜாவாவிலிருந்து புது அதிகாரி வந்தார். ஆறு மாதத் தாள்களைப் புரட்டினார்.

"யார் உத்தரவுல இதெல்லாம் எழுதினே?"

"யாரும் சொல்லலை ஐயா."

"பின்னே?"

"காத்து அடிச்சுட்டுத்தானே இருந்துச்சு."

அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தி உட்கார்ந்தார். நாளை எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டார். அன்று மில்கா மத்தியானமே வீட்டுக்குப் போனாள். சுட்ட சேப்பங்கிழங்கும் மீனும் தின்றுவிட்டுப் பாயில் படுத்தாள். கடல் இரைந்துகொண்டிருந்தது. உடம்பு லேசாகி, ஓலைக் கூரை வழியாக மெல்ல மெல்ல எங்கோ மேலே போவதுபோல் இருந்தது.