மயிலிட்டிக் கரையில் நான் தோண்டியெடுத்த புதையல்

போன வருடம் ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. சோளகக் காற்று மணலை அள்ளிக் கடலுக்குள் வீசிக்கொண்டிருந்த நேரம். மயிலிட்டித் துறைமுகத்துக்குக் கொஞ்சம் கிழக்கே, படகுகள் கட்டிக் கிடக்கும் ஒரு சின்ன மணற்கரையில்தான் இது நடந்தது. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால், கரை வருவதற்கு முன்னமே ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மற்றைக் கழற்றிவிடுகிறேன். ஹெல்மற்றோடு போனால்தான் அங்கே என்னை எல்லோருக்கும் அடையாளம் தெரியும்.

எல்லாம் லண்டனில் இருந்து வந்த ஒன்றுவிட்ட அண்ணனால் வந்தது. மண்ணுக்குள் உலோகம் கிடந்தால் சத்தம் போட்டுக் காட்டுகிற மெற்றல் டிடெக்ரர் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார். யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஒன்றையும் விடமாட்டேன் என்றவர், முதல் நாள் வெய்யிலிலேயே தோல் உரிந்து, மிச்ச விடுமுறை முழுவதும் மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தார். திரும்பிப் போகும்போது மிளகாய்த்தூளும் பனாட்டும் பருத்தித்துறை வடையும் ஏற்றியதில் பெட்டியில் இடமில்லை. கருவி என்னிடம் வந்து சேர்ந்தது.

நான் பௌதிகவியல் படித்து முடித்துவிட்டு, விண்ணப்பங்களுக்குப் பதில் வரும் என்று உடுவிலில் வீட்டில் காத்திருந்த காலம் அது. காத்திருப்பது எனக்கு வராத வேலை. இரண்டு நாட்கள் உட்கார்ந்து கருவியைப் பற்றி இருந்த எல்லா வீடியோக்களையும் பார்த்தேன். மூன்றாம் நாள் நான் அதில் பெரிய நிபுணி.

பார்க்க, விளக்குமாற்றுத் தடியின் நுனியில் சாப்பாட்டுத் தட்டை ஒட்டியதுபோல் இருக்கும். இரும்பென்றால் தவளை மாதிரிக் கரகரக்கும். செம்பு, வெள்ளி என்றால் குயில் மாதிரிக் கூவும். தங்கத்துக்கு என்ன சத்தம் என்று அறிய அம்மாவிடம் காப்பைக் கேட்டேன். அம்மா கழற்றவில்லை. காப்புப் போட்ட கையை நிலத்தில் வைத்து, “இப்பிடியே பார்” என்றார். ஒரு மணித்தியாலத்துக்குள் எங்கள் வீட்டு வளவில் பதினேழு ஆணிகளும், ஒரு கரண்டியும், அயல்வீட்டுக்காரர் எடுத்திருப்பார் என்று அப்பா இரண்டு வருடமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த குறடும் வெளியே வந்தன. கிணற்றடியில் பெரிதாகக் கரகரத்தது. தோண்டினேன். அப்பா ஓடிவந்து, அது தொட்டிக்குத் தண்ணீர் போகிற இரும்புக் குழாய் என்று சொல்லி மண்வெட்டியைப் பறித்தார். ஆராய்ச்சியைக் கடற்கரைக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

துணைக்கு மாமாவின் மகளை, என் மச்சாளை, கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் “எடி விசரி, ஒரு மோதிரம் எடுத்தாலும் பாதி எனக்கு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்கு ஏற்கனவே கொஞ்சம் நட்டம். கருவி சத்தம் போடுகிற இடங்களில் அடையாளத் தடி நாட்டிவிட்டுப் பிறகு ஆறுதலாகத் தோண்ட வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஆகவே நான் முப்பது சிறு தடிகளைச் சீவி, அவற்றின் நுனிக்கெல்லாம் அவளுடைய சிவப்பு நெயில் பொலிஷைப் பூசியிருந்தேன். ஒன்றரைப் போத்தல்.

கரையில் மணல் கண்ணுக்குள் அடித்தது. அதனால் ஹெல்மற்றைக் கழற்றவில்லை, கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். தோண்டியெடுக்கிற சாமான்களை வைக்கப் பொக்கற்றுகள் வேண்டும் என்று, அப்பா றோட்டு வேலை மேற்பார்வைக்குப் போடுகிற செம்மஞ்சள் மேலங்கியை உடுப்புக்கு மேல் மாட்டியிருந்தேன். கையில் டிடெக்ரர். இடுப்பில் சிவப்பு நுனித் தடிகள்.

எந்த ஊர்க் கரை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஊரைவிட்டு வெளியே இருந்து, காணி திரும்பக் கிடைத்து வந்து குடியேறிய சனங்கள் அவர்கள். ஹெல்மற்றும் மேலங்கியும் சிவப்புத் தடியுமாக மண்ணைத் தடவிக்கொண்டு நடக்கிற ஆளை அவர்கள் ஒரேயொரு வேலைக்குத்தான் கண்டிருக்கிறார்கள். கண்ணிவெடி எடுக்க.

பூவரசுக்குக் கீழே இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். மரியாதையாக ஐந்தாறு அடி தள்ளியே நின்றார்.

“இஞ்சை இன்னும் மிச்சம் ஏதும் கிடக்கோ, பிள்ளை?”

“பாத்தாத்தான் தெரியும்” என்றேன், குரலை இறக்கி.

அவர் கடலைக் காட்டினார். கரைக்குக் கொஞ்சம் அப்பால் ஒரு புது நீலப் படகு ஆடிக்கொண்டிருந்தது. பெயர்கூட இன்னும் எழுதவில்லை. “அது என்ரை. இறக்கி நாலு நாள்தான். பன்ரண்டு வருசம் வேறை ஆக்களின்ரை போட்டிலைதான் போய் வந்தனான்” என்று சொன்னார். பிறகு, நாங்கள் எவ்வளவு தூரம் தள்ளி நிக்கோணும் என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு எனக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், முக்கால்வாசி விளங்கிவிட்டது. ஆனால் பட்டம் வாங்கிய நாளில் இருந்து என்னிடம் ஒருவரும் இவ்வளவு மரியாதையாக எதையும் கேட்டதில்லை. “றோட்டடியிலை நிண்டாக் காணும்” என்று என் வாய் சொல்லிவிட்டது. மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. அவளும் அவர்களோடு றோட்டடிக்குப் போய்விட்டாள். உண்மையைச் சொல்லலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தாளாம். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர், “உவ்வளவு சின்னப் பிள்ளைக்கு என்ன துணிவு” என்று சொல்ல, அவளுக்கு வாய் அடைத்துப்போயிற்றாம்.

கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்காவும் பாயில் பரப்பிய மீனை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். போகும்போது, ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் எனக்கென்று ஒரு கோப்பை தேத்தண்ணி வைத்துவிட்டு, வந்த காலடியிலேயே பின்பக்கமாக நடந்து போனார்.

நான் இயர்போனைச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். கரைமணல் ஒரு பெரிய குப்பைத்தொட்டி என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. குயில் மாதிரிக் கூவிய இடத்திலெல்லாம் சோடா மூடி. தங்கமேதான் என்று துள்ளி விழுந்து கிளறினால் வலையில் கட்டுகிற ஈயக்குண்டு. ஒரு சோடா மூடி மட்டும், தோண்டத் தோண்ட இடம் மாறிக்கொண்டே போனது. அதைச் சுற்றி மூன்று தரம் வட்டமாக நடந்தேன். எடுத்ததையெல்லாம் மேலங்கிப் பொக்கற்றில் போட்டு, சத்தம் வந்த இடத்திலெல்லாம் தடி நாட்டினேன். ஒவ்வொரு தடி நாட்டும்போதும் றோட்டில் நின்ற கூட்டம் ஓரடி பின்னால் போனது. அதை நான் கவனிக்கவில்லை.

பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. தவளை அல்ல, ஒரு குளத்துத் தவளை முழுக்கச் சேர்ந்து கத்தியதுபோல. கரையொதுங்கிய சாதாளைப் பாசி குவிந்து கிடந்த இடம். பாசியை விலக்கித் தோண்டினேன். முழங்கால் ஆழத்தில் துருப்பிடித்த ஒரு இரும்புக் கொம்பு தெரிந்தது. இன்னும் தோண்ட இன்னொரு கொம்பு. பழைய காலத்துக் கப்பல் சாமான் என்று முடிவுகட்டிவிட்டேன். ஒல்லாந்தர் காலமா, போர்த்துக்கேயர் காலமா என்பது மட்டும்தான் பாக்கி. இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, முக்கி முக்கி இழுத்ததில் அது பொதுக்கென்று வெளியே வந்தது. நான்கு கொம்பு வைத்த நங்கூரம்.

நிமிர்ந்து றோட்டைப் பார்த்தேன். எல்லோரும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு நின்றார்கள். என்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் கை ஆட்டினேன்.

அந்த நேரம் பார்த்து நங்கூரம் நடக்கத் தொடங்கியது.

நண்டு மாதிரி நாலு காலையும் இழுத்துக்கொண்டு கடலைப் பார்த்துப் போனது. மணலுக்குள்ளும் பாசிக்குள்ளும் புதைந்திருந்த ஒரு கயிறு அதன் முன்னால் விண்ணென்று கிளம்பியது. கயிற்றின் மற்ற நுனியில் அந்த நீலப் படகு. சோளகம் தரையில் இருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. சோளகக் காலத்தில் படகைக் கரையில் ஒரு நங்கூரத்தைப் புதைத்துத்தான் கட்டுவார்களாம். காற்றே படகை வெளியே தள்ளி வைத்திருக்கும், நங்கூரம் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கும். பிடித்து வைத்திருந்ததைத்தான் நான் பிடுங்கியிருந்தேன்.

பாய்ந்து நங்கூரத்தைக் கட்டிப்பிடித்தேன். அது என்னையும் கூட்டிக்கொண்டு போனது. வயிற்றில் வழுக்கிக்கொண்டு போனதில் ஹெல்மற்றுக்குள் அரைக்கொத்து மணல். இயர்போன் கழன்று விழுந்தது. அப்போதுதான் றோட்டில் இருந்து வந்த சத்தம் கேட்டது. அது பாராட்டு இல்லை. “போட்டு! போட்டு போகுது!” என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

கையை விட்டுவிட்டுத் திரும்பினேன். வலை பொத்திக்கொண்டிருந்தவர் றோட்டில் இருந்து மணலுக்குள் இறங்கியிருந்தார். ஆனால் அவர் ஓடவில்லை. துள்ளினார். ஒரு காலை வைத்து, அடுத்த காலை எங்கே வைப்பது என்று பார்த்து, மறுபடியும் துள்ளினார்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. என்னுடைய காலடிகளை மிதித்து வருகிறார். சின்ன வகுப்பில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் வந்து சொல்லித்தந்திருக்கிறார்கள்: வெடி இருக்கும் என்று நினைக்கிற நிலத்தில், ஏற்கனவே ஒருவர் நடந்த அடியில் மட்டும் காலை வை. நான் நடந்தபடியெல்லாம் அவர் வந்தார். வளைந்த இடத்தில் வளைந்தார். சிவப்புத் தடி கண்ட இடத்தில் மூச்சைப் பிடித்து நின்று தாண்டினார். அந்தச் சோடா மூடியைச் சுற்றி நான் நடந்த மூன்று வட்டத்தையும், ஒன்றும் விடாமல், சுற்றினார். அவருடைய கண் ஒன்று மணலில், ஒன்று போய்க்கொண்டிருக்கிற படகில்.

ஹெல்மற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்தினேன்.

“ஓடுங்கோ அண்ணை! ஒண்டும் இல்லை! நான் சும்மா விளையாட வந்தனான்!”

அவர் என் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு நேரே ஓடினார், என்னைத் தாண்டி, கடலுக்குள். நீந்திப்போய்ப் படகில் ஏறி, இழுபட்டுக்கொண்டு போன நங்கூரத்தைத் தூக்கி மறுபடியும் வீசினார். இரண்டு முறை பிடிக்கவில்லை. படகு ஒரு விளையாட்டுச் சாமான் அளவுக்குச் சின்னதாகிவிட்டது. மூன்றாம் முறை எங்கேயோ கல்லில் கொழுவிப் படகு நின்றது. துறைமுகப் பக்கம் இருந்து ஒரு எஞ்சின் படகு போய்க் கட்டி இழுத்துவரும் வரைக்கும் நான் முழங்கால் தண்ணீரில் நின்று, சிறுவயதில் ஞாயிறு பாடசாலையில் படித்த ஜெபங்கள் எல்லாவற்றையும் வரிசை தப்பி ஒப்புவித்துக்கொண்டிருந்தேன்.

கரைக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, பிள்ளைக்கு அடி ஏதும் பட்டதோ என்பது. அதற்குப் பிறகு என்னால் எதையும் மறைக்க முடியவில்லை. லண்டன் அண்ணன், வீடியோ, நெயில் பொலிஷ் வரை எல்லாவற்றையும் சொன்னேன். சாட்சிக்குப் பொக்கற்றைக் கவிழ்த்துச் சோடா மூடிகளைக் கொட்டிக் காட்டினேன்.

பிறகு கருவாட்டு அக்கா தன் பாயைத் திரும்பிப் பார்த்தார். அங்கே காகங்கள் பந்தி முடித்துக் கை கழுவப் போய்விட்டன.

“அப்ப நாங்கள் முக்கால் மணித்தியாலம் வெய்யிலுக்கை நிண்டது, உவ சோடா மூடி பொறுக்கவோ?” என்றார். “நான் தேத்தண்ணியும் எல்லோ வைச்சனான். சீனி போட்டு.”

அத்தோடு சிரிப்பு வெடித்தது. ஒருவர் நான் கை ஆட்டியதுபோல் ஆட்டிக் காட்டினார். இன்னொருவர் மணலில் வழுக்கியே காட்டினார். மச்சாள் அவர்கள் பக்கம் நின்று அவர்களைவிட அதிகமாகச் சிரித்தாள். இப்படிக் கருவியோடு தோண்டுவதற்கு அனுமதி எடுக்க வேண்டும், பொலிஸ் கண்டிருந்தால் கதை வேறு என்று ஒருவர் சொன்னார். இரண்டு நாள் நிபுணிக்கு அதுவும் அன்றுதான் தெரிந்தது.

படகுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. உடுப்பைப் பிழிந்துகொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

“நான் பகிடிக்குத் துள்ளேல்லை, பிள்ளை.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவர் மண்வெட்டியை என் கையில் தந்தார். தோண்டின ஆள்தான் புதைக்க வேண்டும் என்பது தீர்ப்பு. இடுப்பளவு குழி. கருவாட்டு அக்கா வாளியில் குந்தியிருந்து, “இன்னும் ஆழம் காணாது, இன்னும் ஒரு கப்பல் கிடக்கும் பாருங்கோ” என்று மேற்பார்வை செய்தார். முடித்தபோது என் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் பொங்கிவிட்டது. போகும்போது, காகம் விட்டுவைத்த நாலு மீனை அவரே பையில் கட்டித் தந்தார்.

நான் நாட்டிய தடிகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டு புறப்பட்டேன். ஒன்றை மட்டும் படகுக்காரர் கேட்டு வாங்கி, நங்கூரம் புதைத்த இடத்துக்கு நேர் மேலே நாட்டினார். அடுத்த நிபுணிக்காக என்றார். அப்போதுதான் அவர் முகத்திலும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

டிடெக்ரர் இப்போது அலுமாரிக்கு மேல் இருக்கிறது. மீன் வாங்க இடைக்கிடை மயிலிட்டிக்குப் போகிறேன். கடைசியாகப் போனபோதும் அந்தத் தடி நின்றது. நெயில் பொலிஷ் உரிந்துபோய், மேலே சிவப்புப் பெயின்ற் பூசியிருந்தார்கள். இப்போதெல்லாம் யாராவது என்னை வேறு யாரோ என்று நினைத்து மரியாதை தந்தால், அவர்கள் வசனத்தை முடிக்க முன்னமே நான் அவரில்லை என்று சொல்லிவிடுகிறேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த முக்கால் மணித்தியாலத்தை, ஒரு மனிதர் என் கோணல் காலடிகளில் உயிரை வைத்து வைத்துக் கடந்து வந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.