விரலுக்குத் தெரியாமல் வெடித்தது

வெடிச்சத்தம் கேட்டு, தோள் ஒரு தடவை உதறிய பிறகுதான் வெரோனிகாவுக்குத் தெரிந்தது, வெடித்தது தன் துப்பாக்கி என்று.

அவள் இன்னும் சுடத் தீர்மானித்திருக்கவில்லை. பாயில் குப்புறப் படுத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, தூரத்து அட்டையின் கறுப்பு வட்டம் குறிவளையத்துக்குள் வந்து உட்காரக் காத்திருந்தாள். ஆள்காட்டி விரல் விசைமேல் சும்மா கிடப்பதாகத்தான் நினைத்தாள். அது அவளைக் கேட்காமலே அழுத்திவிட்டது.

தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாள். தன் அட்டையில் புதுப் பொத்தல் இல்லை. பக்கத்து அட்டையின் மரச்சட்டத்தில் ஒரு சிராய் பெயர்ந்திருந்தது. அந்த இடத்தில் அன்று யாரும் சுடவில்லை. குண்டுகள் போய் விழுவதற்கென்றே கட்டிய மண்மேட்டில்தான் அதுவும் புதைந்திருக்கும். ஒரு கெடுதலும் நடக்கவில்லை. கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தொட்டுப் பார்த்தாள். யாருடைய விரலையோ தொடுவது போலிருந்தது. நடுவிரலும் அப்படித்தான்.

"வெரோனிகாக்கா, ஓகேயா?" பின்னால் நடந்துவந்த சுஹைப் கேட்டான். சுடுதளத்தின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி அவன். நாற்பதைத் தாண்டியவன், யாரிடமும் குரலை உயர்த்தாதவன்.

"ஓகே லா, தம்பி. கழுத்துதான் கொஞ்சம் பிடிச்சிருக்கு."

அது பாதி உண்மை. மீதியை விழுங்கிக்கொண்டாள். துப்பாக்கியைக் காலி செய்து வைத்துவிட்டு, இடது பக்கமாய்ப் புரண்டு, முட்டி போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அறுபத்து மூன்று வயதில் படுப்பது சுலபம். எழுவதுதான் தனி வேலை.

வெரோனிகா வாழ்நாளெல்லாம் எக்ஸ்ரே எடுத்தவள். பாலிகிளினிக்கில் எத்தனையோ பேரைப் படுக்க வைத்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். ஓய்வு பெறச் சில வருஷம் இருக்கும்போது கூட வேலை பார்த்த ஒருத்தி அவளைச் சுவா சூ காங் பக்கத்துச் சுடுதளத்துக்கு விளையாட்டாய்க் கூட்டிப்போனாள். கூட்டிப்போனவள் ரெண்டு மாசத்தில் நின்றுவிட்டாள். வெரோனிகா நிற்கவில்லை. தடித்த கோட்டை மாட்டி, தோள்வாரைக் கையில் இறுக்கி, பாயில் படுத்துவிட்டால் உலகத்தில் ஒன்றும் அசையாது. அந்த அசைவின்மைக்காகவே சனிக்கிழமை தவறாமல் போனாள். துப்பாக்கி கிளப்பின் பூட்டறையில் இருக்கும். கோட்டும் பாயும் ஜூரோங் வெஸ்ட் வீட்டில், கட்டிலுக்கு அடியில்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். சிரித்துப் பார்த்தாள். வாயின் ஒரு பக்கம் தொங்குகிறதா? இல்லை. இரண்டு கையையும் மடியிலிருந்து கொஞ்சம் தூக்கினாள். வலது கை தாழ்கிறதா? தாழ்ந்த மாதிரியும் இருந்தது, தாழாத மாதிரியும் இருந்தது. நாக்கு குழறுகிறதா என்று பார்க்க, "அருள் நிறைந்த மரியே" என்று முணுமுணுத்தாள். முழுசாய்ச் சொல்ல முடிந்தது. மறுபடி சொன்னாள். அது பரிசோதனையா ஜெபமா என்று அவளுக்கே தெரியவில்லை. எதிரே நின்றிருந்த ஒரு சீனப் பெரியவர் அவளை ஒரு மாதிரியாய்ப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். வேறு யாராவது இப்படி வந்து சொல்லியிருந்தால், "உங்களுக்குப் புத்தி இருக்கா? முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று திட்டியிருப்பாள். ஆனால் போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். அந்தப் பெயர் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அவள் அண்ணன் ஆர்னால்டுக்கு அது வந்திருந்தது. ஒரு காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து கத்தி நழுவியது. எல்லோரும் சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் வலது பக்கம் முழுசும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது.

சனிக்கிழமை என்றால் சுட்டு முடித்ததும் அண்ணன் வீட்டுக்குப் போவது வழக்கம். கால் பழகிய வழியில் போனது. பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறி, லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கி, தேக்கா சந்தையின் மீன் வாடையையும் கூட்டத்தையும் கடந்து, பின்னாலிருந்த அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் ஏறினாள். பையை இடது கையில் பிடித்திருந்தாள்.

"வா, வெரோ. ஏன் முகம் இப்படி வெளிறிக் கிடக்கு?" என்றாள் அண்ணி பிரிஜட்.

"வெயில், அண்ணி."

ஆர்னால்டு ஜன்னலோரச் சக்கர நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் மடங்கிக் கிடந்தது. பிரிஜட் ஆற்றிய தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். அதை அவருக்குப் புகட்டுவது சனிக்கிழமைகளில் தங்கையின் வேலை. வெரோனிகா கோப்பையை எடுத்தாள். எடுத்ததாகத்தான் நினைத்தாள். அது தரையில் விழுந்து சிதறியது.

"ஐயோ, பரவால்ல, விடு! நான் துடைக்கிறேன்," என்று பிரிஜட் துணிக்கு ஓடினாள்.

ஆர்னால்டு கோப்பையைப் பார்க்கவில்லை. தங்கையின் கையைப் பார்த்தார். அவரிடம் மிஞ்சியிருந்தவை நாலைந்து சொற்கள்தான். அதில் ஒன்று தொண்டையிலிருந்து முண்டிக்கொண்டு வந்தது.

"போ."

"என்னங்க இது? ஒரு கப்பு உடைஞ்சதுக்குத் தங்கச்சிய விரட்டுறீங்க!" பிரிஜட் உள்ளேயிருந்து கடிந்துகொண்டாள்.

"போ! போ!" அவர் தன் நல்ல கையால் வெரோனிகாவின் வலது மணிக்கட்டைப் பிடித்து உலுக்கினார். நகம் அழுந்தும்படி பிடித்தார். அவர் கண்ணில் நீர் கட்டிவிட்டது. அது கோபம் இல்லை. அவர் முகத்தில் இருந்தது பயம், அவளுக்காக அவர் படுகிற பயம். காலையிலிருந்து அவள் தனியாய்ச் சுமந்து வந்த அதே பயம்.

வெரோனிகா இடது கையால் பையிலிருந்து போனை எடுத்தாள். "அண்ணி," என்றாள், "அவருக்கு ஒரு போன் போடுங்க. டாக்சியும் வேணும். என்னால நம்பரைத் தட்ட முடியல."

அவர் என்றது கணவர் லாசரஸை. ஜூரோங் கப்பல் பட்டறையில் போர்மேனாய் இருந்து ஓய்வு பெற்றவர். அவசரப் பிரிவுக்கு அவர் வந்து சேர்ந்தபோது அவளைத் தள்ளுபடுக்கையில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் நின்று அவள் செருப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

தலைக்கு ஒரு படம், கழுத்துக்கு ஒரு படம். குழாய் போன்ற இயந்திரத்துக்குள் அவளைத் தள்ளுவதற்கு முன் ஓர் இளம்பெண், "அசையாதீங்க ஆன்ட்டி," என்றாள். தன் வாயால் எவ்வளவோ தடவை சொன்ன வார்த்தை. மல்லாந்து கிடக்கிறவனுக்கு அது எப்படிக் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்தது. உள்ளே இயந்திரம் இரும்பை அடிப்பது போல அடித்தது. கண்ணை மூடினால் அண்ணனின் மடங்கிய கை வந்தது. திறந்தால் மூக்குக்கு மேலே வெள்ளைச் சுவர். வெளியே வந்த பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். படம் பார்த்தவர்களின் முகம் என்ன சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும்.

டாக்டர் வந்து, "இது ஸ்ட்ரோக் இல்ல மா," என்றார். கழுத்தெலும்பு தேய்ந்து, கைக்குப் போகிற நரம்பை நெருக்குகிறது என்றார். வயதான கழுத்தில் சகஜம். "அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஏதாவது அதிகமா செய்றீங்களா?"

லாசரஸ் மனைவியைப் பார்த்தார். வெரோனிகா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போதுதான் மரச்சட்டத்தில் பெயர்ந்த சிராயைப் பற்றிச் சொன்னாள்.

"அந்த ஆபீசர்கிட்ட சொன்னியா?" என்று கேட்டார் லாசரஸ்.

"இல்ல. சொன்னா நிறுத்திடுவான்."

"சொல்லலன்னா?"

அவள் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். ஸ்ட்ரோக் பயம் போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்திருந்தது. விசையில் விரல் இருக்கும்போது வெடித்தது, சரி. குண்டை ஏற்றும்போது வெடித்திருந்தால்? துப்பாக்கிக் குழாய் கொஞ்சம் திரும்பியிருந்து, பக்கத்தில் ஒரு மனுஷன் படுத்திருந்தால்? அந்த வாரம் முழுக்க அந்த மனுஷன் அவள் கண்முன் படுத்தே இருந்தான்.

அடுத்த சனிக்கிழமை கோட்டும் பாயும் இல்லாமல் போனாள். சுஹைப் பூட்டறை வாசலில் இருந்தான். சொன்னாள். அவன் கேட்டு முடிக்கும் வரை அசையவில்லை.

"அன்னிக்கே சொல்லிருக்கணும் அக்கா." குரல் உயரவில்லை, ஆனால் முகம் இறுகிவிட்டது. "நான் உங்க பின்னாலதான் நின்னேன். ஓகேயான்னு கேட்டேன்."

"கேட்ட. எனக்குப் பயம்."

"எனக்கு இப்போ வருது பயம்." அவன் பூட்டறைக் கதவைச் சாத்தினான். "டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் உங்களுக்குத் துப்பாக்கி கிடையாது. சொன்ன பிறகும் முதல்ல குண்டு இல்லாமத்தான்."

அவள் தலையாட்டினாள். பஸ் நிறுத்தத்துக்கு வரும்போது அவமானமாய் இருந்தது. ஆனால் பக்கத்தில் படுத்திருந்த அந்த மனுஷன் எழுந்து போய்விட்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் அவளை உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அனுப்ரியா என்ற சின்ன வயசுச் சிகிச்சையாளர் முதல் நாளே, "ஆன்ட்டி, நீங்க எப்படிச் சுடுவீங்கன்னு தரையில படுத்துக் காட்டுங்க," என்று ஒரு குடையைக் கையில் கொடுத்தாள். வெரோனிகா வெட்கத்தோடு படுத்தாள். அனுப்ரியா பக்கத்திலேயே குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள்.

"முதுகு பலகை மாதிரி கிடக்கு. வளையவே இல்ல. தலையைத் தூக்குற வேலை மொத்தத்தையும் பாவம் கழுத்துதான் செய்யுது. அதோட வலது பக்கம் சாய்க்கவும் சாய்க்கிறீங்க. நரம்பு நசுங்காம என்ன பண்ணும்?"

மாதக்கணக்கில் முதுகை வளைத்தாள். சுருட்டிய துண்டை முதுகுக்கு நடுவில் வைத்து மல்லாந்து கிடந்தாள். முகவாயை உள்ளே இழுத்தாள். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்துப் பிடித்தாள். ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி இழுக்கும்போது லாசரஸ் மறுபக்கத்திலிருந்து கதவைத் திறந்துவிட்டு வாங்கிக்கட்டிக்கொண்டார். படுக்கும் விதமும் மாறியது. வலது முழங்காலை மடக்கி உடம்பை இடது பக்கம் கொஞ்சம் சாய்த்தால் வயிறு அமுங்காது, மூச்சு முட்டாது. இடது கையை உள்ளே இழுத்து வைத்தால் நெஞ்சு உயரும், கழுத்துக்கு வேலை குறையும். அவள் திரும்பி வரும் நாளுக்கென்று சுஹைப் அவள் துப்பாக்கியின் குறிவளையத்துக்கு அடியில் ஒரு கட்டை வைத்து உயர்த்தி, கன்னம் சாயும் பலகையையும் ஏற்றி வைத்தான். இனித் தலை கண்ணாடி முன் நிற்பது போல நேராய் நிற்கும். முழங்கைக்கு இன்னொரு மடிப்பு ரப்பர். விரல்களில் உணர்வு மெல்ல மெல்லத் திரும்பியது, முதலில் எறும்பு ஊர்வது போல, பிறகு விரல் போலவே.

டாக்டர் சரி என்றார். குண்டில்லாமல் பல வாரம் வெறும் விசையை அழுத்திப் பழகினாள். பிறகு ஒருநாள் சுஹைப் அவள் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, "இப்போ ஒண்ணே ஒண்ணு," என்று குண்டை நீட்டினான்.

ஏற்றினாள். விரலை விசைக்கு வெளியே நீட்டி வைத்தாள். தோள்வாருக்குள் நாடி அடிக்கிற அடியில் கறுப்பு வட்டம் குதித்தது. விரல் இருக்கிறது, தெரிகிறது, வெயிலில் கிடந்த இரும்பின் சூடுகூடத் தெரிகிறது. ஆனாலும் உள்ளே கொண்டுபோக முடியவில்லை. குண்டை வெளியே எடுத்து அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னிக்கு வேணாம் தம்பி."

"சரிக்கா."

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் மழை. அதற்கும் அடுத்த வாரம், பயந்தபடியே விரலை உள்ளே வைத்தாள். விசை கொஞ்சம் கொஞ்சமாய்க் கனப்பதை உணர்ந்தாள். கடைசிக் கனத்தையும் உணர்ந்தாள். வெடித்தது. அட்டையில் வட்டத்தின் ஓரத்தில் ஒரு பொத்தல். பெரிய குறி ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சுட்டது அவள்.

வருஷக் கடைசியில் கிளப்பில் மூத்தவர்களுக்கென்று ஒரு போட்டி நடந்தது. வெரோனிகா பேர் கொடுத்தாள். கொஞ்சம் சுடுவதும், எழுந்து கழுத்தை நீட்டி நடப்பதும், திரும்பப் படுப்பதுமாய் மற்றவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். பாதி தாண்டியிருப்பாள். நடுவிரல் நுனியில் மெல்லிய குறுகுறுப்பு. அவ்வளவுதான், ஒரு பூச்சி உட்கார்ந்த அளவு. மிச்சத்தைச் சுட்டுவிடலாம் என்று மனசு சொன்னது. விரலை வெளியே எடுத்தாள். துப்பாக்கியைக் காலி செய்தாள். கையை உயர்த்தினாள்.

சுஹைப் வந்து குனிந்தான். "என்னக்கா?"

"விரல் பேச ஆரம்பிச்சிடுச்சு. நான் எந்திரிக்கிறேன்."

அவன் துப்பாக்கி காலியா என்று பார்த்தான். எழுவதற்குக் கை கொடுத்தான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வெரோனிகா கோட்டைக் கழற்றிவிட்டுக் கேண்டீனுக்குப் போய் பால் இல்லாத ஒரு கோப்பி ஓ சொன்னாள். உட்கார்ந்து, ஆறும்வரை காத்திருந்து குடித்தாள்.