மாமியாரின் பாட்டுக்காக ஒரு ரெகுலேட்டர்

ஒத்திகைக்கு மைக்கைக் கையில் வாங்கியதும் என் மாமியார் முதலில் செய்தது, கழுத்தைச் சுற்றியிருந்த பருத்தித் துணியைச் சற்று மேலே இழுத்துவிட்டுக்கொண்டதுதான். தைராய்டு அறுவைக்குப் பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ் அது. தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் சபையில் நெடுங்காலம் பாடகர் குழுவை நடத்தியவருக்கு மிஞ்சியிருந்தது கால்வாசிக் குரல். அதை வைத்துக்கொண்டு கேரல் ஆராதனையில் தனிப்பாட்டு பாடியே தீருவேன் என்று நின்றார். "இந்த வருசம் வாயத் தொறக்கலைன்னா, இனி நான் தொறக்கவே மாட்டேன், மருமவனே" என்றார். சும்மா சொல்கிறவர் இல்லை அவர்.

ஆலயத்தின் மைக்கில் அவர் குரல் மூன்றாம் பெஞ்சைக்கூட எட்டவில்லை. வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். பழைய ஆம்ப்ளிஃபையர்களைப் பிரித்து மாட்டுவது பொழுதுபோக்கு. "நான் பாத்துக்கிடுதேன் மாமி" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மைக்கின் சத்தத்தைக் கூட்ட ஒரு சின்ன ப்ரீ-ஆம்ப் கட்டினேன். அதில் ஒரு சங்கடம், குரலைக் கூட்டும்போது கரண்டில் வருகிற முனகலையும் சேர்த்துக் கூட்டிவிடும். ஆகவே மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே அளவாகக் கொடுக்கும் ரெகுலேட்டர் ஒன்று வேண்டும். கோட்டாறில் கடை கடையாக ஏறி ஐ.சி., கெப்பாசிட்டர் எல்லாம் வாங்கிவந்தேன். டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் வீட்டில் கிடந்த பழைய ரேடியோவிலிருந்து கழற்றியது. எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அடக்கி, மத்தியானம் பதினைந்து வோல்ட்டுக்குத் திருகி வைத்து, ஸ்பீக்கரில் காதை ஒட்டிக் கேட்டேன். சத்தமே இல்லை. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறைதான்.

அன்று சாயங்காலம் ஒத்திகையில் பெட்டியைப் போட்டால் 'ங்ங்ங்' என்று ஒரே இரைச்சல். "என்ன மருமவனே, பெட்டிக்குள்ள வண்டு கெடக்கா?" என்றார் மாமியார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் கை கழுத்துத் துணிக்குப் போனது. அதைப் பார்த்ததும் பெட்டியை அணைத்துவிட்டேன். மறுநாள் எர்த் ஒயரை மாற்றினேன். கெப்பாசிட்டரை மாற்றினேன். ஐ.சி.யையே பிடுங்கிப் புதிதாக வைத்தேன். மத்தியானம் மறுபடியும் அமைதி, சாயங்காலம் மறுபடியும் வண்டு. பழைய ஸ்டெபிலைசர் ஒன்றை வைத்துப் பார்த்தேன். வண்டும் போகவில்லை, ஸ்டெபிலைசர் 'டக் டக்' என்று மாறுகிற சத்தமும் சேர்ந்துகொண்டது. சோறு இறங்கவில்லை. "எங்கம்மைக்க தொண்டைய விட உங்க பெட்டிக்குல்லா நீங்க பயப்படுதிய" என்றாள் மனைவி. இரண்டும் ஒன்றுதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஆராதனைக்கு முந்தின சாயங்காலம், பொழுது சாய்கிற நேரத்தில் வாசல் பிளக்கில் செருகிய வோல்ட் மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நட்சத்திர விளக்கு எரியத் தொடங்கியது. சீரியல் லைட்டுகள், கிறிஸ்துமஸ் குடிலுக்குள் ஆறு ஓடவிடுகிற மோட்டார்கள் என்று வரிசையாக எல்லாம் உயிர்பெற, மீட்டரில் எண் சரசரவென்று இறங்கியது. அட, மடையா! ரெகுலேட்டருக்கு, வெளியே கொடுக்கிறதைவிட உள்ளே கொஞ்சம் கூடுதலாக வந்தாக வேண்டும். ரேடியோ டிரான்ஸ்ஃபார்மரால் மத்தியானம் அதைக் கொடுக்க முடிந்தது. ஊரே கிறிஸ்துமஸ் கொண்டாடும்போது முடியவில்லை. உள்ளே பற்றாமல் போனதும் முனகல் அப்படியே வெளியே வந்திருக்கிறது. வெளியே கொடுக்கிறதைக் குறைத்து, திருகைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு இறக்கினேன். வண்டு செத்தது.

ஆனாலும் ஆராதனையன்று மீட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். மாமியார் எழுந்து நின்றார். பெட்டி மூச்சுவிடவில்லை. முதல் சரணம் கடைசிப் பெஞ்சுவரை சன்னமாக, சுத்தமாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் சரணத்தில் மேலே ஏறுகிற இடத்தில் குரல் உடைந்தது. கண்ணாடியில் விரல் நகம் பட்டதுபோல அந்த உடைசலை ஒருவர் விடாமல் கேட்டார்கள். மறைக்க ஓர் இரைச்சல்கூட இல்லை, நான்தான் பாடுபட்டு அதைத் துடைத்து எடுத்திருந்தேனே! எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்றிருந்தது. அவர் ஒரு மூச்சு நின்றார். பிறகு கீழ் ஸ்தாயிக்கு இறங்கி, பாட்டை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும், "மாமி, கொஞ்சம் இரைச்சலை விட்டு வச்சிருக்கணும்" என்றேன்.

"என்னத்துக்கு? எனக்க தொண்டையில என்ன மிச்சம் கெடக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இனி ஆருக்குப் பேடிக்கணும்? வாற ஞாயிறும் பெட்டிய எடுத்துட்டு வாருங்க" என்றார்.

சாகிறவரை பாடினார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதே பாட்டு. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் குரல் உடையும். இப்போது சபைக்குப் புது மிக்சர் வந்திருக்கிறது. வோல்ட்டேஜ் பற்றி யாருக்கும் கவலை இல்லை. போன டிசம்பரில் குழுவிலிருந்து ஒரு பெண் அந்தப் பாட்டைப் பாடினாள். நல்ல சாரீரம், எங்கேயும் பிசிறில்லை. இரண்டாம் சரணத்தில் அந்த இடம் நெருங்கியபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சுற்றிப் பார்த்தேன். பெஞ்சு பெஞ்சாக எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.